மூக்கால் வரும் பேச்சு: இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். என் மகனுக்கு ஆறு வயது. பிறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. மூன்றாம் மாதத்தில் உதட்டுக்கும், ஒரு வயது முடிவதற்குள் அண்ணத்துக்கும் ஆபரேஷன் செய்தார்கள். சாப்பாட்டில் குறை இல்லை; எப்போதாவது ரசம் மூக்கில் ஏறும். ஆனால் பேச்சு முழுக்க மூக்கால் வருகிறது. அம்மா, மாமா என்பதெல்லாம் தெளிவு. அப்பா என்று கூப்பிட்டால் அம்மா என்றே காதில் விழுகிறது. கடை, காக்கா என்ற சொற்கள் தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. வீட்டில் எங்களுக்குப் புரியும், பள்ளியில் யாருக்கும் புரிவதில்லை. ஆண்டு விழாப் பாட்டில் அவனைப் பின்வரிசையில் சும்மா நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை வருடமாகப் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். பலூன் ஊதுகிறான், மெழுகுவர்த்தி அணைக்கிறான், ஸ்ட்ராவால் தண்ணீரில் ஊதுகிறான். ஒரு டாக்டர் இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார். இன்னொருவர் வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குவதால், காது மூக்கு தொண்டை டாக்டர் அடினாய்டை எடுத்துவிடலாம் என்கிறார். முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டதா? மறுபடி செய்தால் மற்றப் பிள்ளைகளைப் போலப் பேசுவானா? எவ்வளவு செலவாகும்? நான் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று காய் நறுக்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று மாமியார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். – பெயர் வெளியிட விரும்பாத தாய், பெரம்பூர்.

பதில்: அம்மா, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயத்துக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அடினாய்டை எடுக்கத் தேதி வாங்கியிருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அண்ணப் பிளவுக் குழந்தைகளைக் கவனிக்கும் ஒரு குழு பார்த்துச் சொல்லும்வரை அதைத் தொட வேண்டாம். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில் இருக்கும் சதை மேடுதான் அடினாய்டு. அண்ணம் குட்டையாக இருக்கும் குழந்தைக்கு அந்த மேடு பெரிய உதவி. பேசும்போது மென் அண்ணம், அதாவது வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கும் மெத்தென்ற பகுதி, பின்னால் எழும்பி அதன்மேல் படிந்து, இடைவெளியை ஓரளவாவது அடைக்கிறது. அதை வழித்தெடுத்துவிட்டால் இன்றைக்கு இருக்கும் பேச்சுகூட இல்லாமல் போகலாம். பிளவு இல்லாத பிள்ளைக்கு அடினாய்டை எடுப்பது சாதாரணச் சிகிச்சை. உங்கள் பையன் அந்தக் கணக்கில் வர மாட்டான். குறட்டையை விட்டுவிடச் சொல்லவில்லை, அதற்குக் கீழே வருகிறேன்.

இரண்டு டாக்டர்களில் யார் சொல்வது சரி? வளர வளரச் சரியாகும் என்று காத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வளர்ச்சி இந்த விஷயத்தில் நமக்குச் சாதகமாக வேலை செய்வதில்லை. தொண்டை அகலமும் ஆழமும் கூடுகிறது. பத்து வயதுக்கு மேல் அடினாய்டு தானாகவே சுருங்கத் தொடங்குகிறது. ஆறு வயதில் அடைபடாத இடைவெளி பன்னிரண்டு வயதில் அடைபட்டுவிடும் என்று எதிர்பார்க்க முகாந்திரம் இல்லை. ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னவர் பக்கம்தான் நான் சாய்கிறேன். ஆனால் அவர் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி என்றால், அது போதவே போதாது. கோளாறு இருக்கும் இடம் மென் அண்ணத்துக்குப் பின்னால், மேலே இருக்கிறது. வாய் வழியாகப் பார்த்தால் அது தெரியாது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தக் கோளாறை விளக்குவது எளிது, ஏனென்றால் நம் இலக்கணம் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. மெல்லின எழுத்துகளுக்கு, அதாவது ங, ஞ, ண, ந, ம, ன ஆறுக்கும், மூக்கு வழியாகக் காற்று போக வேண்டும். வல்லினமான க, ச, ட, த, ப, ற ஆறுக்கும் காற்று மூக்குப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. வாய்க்குள் அழுத்தமாகத் தேங்கி, பிறகு வெடிக்க வேண்டும். மென் அண்ணம் மேலெழுந்து பின்தொண்டைச் சுவரைத் தொட, பக்கச் சுவர்களும் உள்ளே நெருங்கிவர, மூக்குப் பாதை மூடிக்கொள்வதால்தான் அந்த அழுத்தம் கிடைக்கிறது. மூடாவிட்டால் என்ன ஆகும்? காஸ்கெட் தளர்ந்த குக்கரில் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவி பக்கவாட்டில் போய்விடும், விசில் வராது. உங்கள் மகனுக்கு அம்மாவும் மாமாவும் சரியாக வருவதும், அப்பா என்பது அம்மாவாக மாறுவதும் இதனால்தான். ப என்பதற்கும் ம என்பதற்கும் உதடு செய்யும் வேலை ஒன்றே. மூக்குப் பாதை மூடியிருந்தால் ப, திறந்திருந்தால் ம. அவன் உதட்டைச் சரியாகத்தான் வைக்கிறான்.

கடையும் காக்காவும் தொண்டைக்குள் முடிந்துவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேறு சங்கதி. உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது. வாயில் அழுத்தம் நிற்கவில்லை என்று தெரிந்துகொண்ட குழந்தை, காற்று கசிவதற்கு முன்னாலேயே, குரல்வளையில் அதைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொள்கிறது. க சொல்ல நாக்கின் பின்பகுதி மேலே எழ வேண்டும்; அவன் அதை விட்டுவிட்டுத் தொண்டையில் ஒரு சின்ன வெட்டு வெட்டுகிறான். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் பேசப் பழகும் வயதில் பிடித்துக்கொண்ட பழக்கம். நாளை நாங்கள் இடைவெளியை அடைத்துவிட்டாலும் அவன் தொண்டையிலேயேதான் வெட்டிக்கொண்டிருப்பான், காரணம் அவனுக்குக் க என்றால் அதுதான். ஆபரேஷன் முடிந்தும் பேச்சு அப்படியே இருக்கிறதே என்று கண்ணீரோடு வரும் பெற்றோர் பலரின் கதை இதுதான்.

ஆக, உங்கள் பையனிடம் இரண்டு கோளாறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கசிவு. அது உடலமைப்பில் இருக்கிறது. எந்தப் பயிற்சியும் அதை அடைக்காது. மற்றது பழக்கம். அது மூளையிலும் நாக்கிலும் இருக்கிறது. எந்தக் கத்தியும் அதை மாற்றாது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மெல்லினமே இல்லாத ஒரு வாக்கியத்தை அவனைச் சொல்லச் சொல்லுங்கள்: "பாட்டி காப்பி கேட்டாள்." முதலில் சும்மா சொல்லட்டும். அடுத்து, உங்கள் விரலால் அவன் மூக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். மூக்கைப் பிடித்ததும் குரல் மாறி, எழுத்துகள் கொஞ்சம் தெளிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை இதே போலச் சொல்லச் சொன்னால் மூக்கைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். முகம் பார்க்கும் சிறிய கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்தும் பார்க்கலாம். பாப்பா, தாத்தா என்று சொல்லும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கால் போகிறது. "மாமா மாங்காய் வாங்கினான்" என்ற மாதிரி வாக்கியத்தை வைத்துச் சோதித்துவிட்டுப் பதறாதீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னால் யாருக்கும் மாறத்தான் செய்யும். ச என்ற ஓர் எழுத்தில் மட்டும் மூக்கில் காற்று சீறி, மற்றதெல்லாம் தெளிவாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. பெரும்பாலும் அவர்களுக்குப் பயிற்சியே போதும், ஆபரேஷன் தேவைப்படாது. உங்கள் மகன் அந்த வகையில் இல்லை என்றே கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

இந்தச் சோதனையைச் செல்போனில் பதிவுசெய்து வையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. நாள்தோறும் கேட்கிற காதுக்கு மாற்றம் பிடிபடாது.

இப்போது பலூன் விஷயம். கோபப்படாமல் எழுத முயல்கிறேன். ஊதுவதும் உறிஞ்சுவதும் அண்ணத்துக்கு வலு சேர்க்கும் என்ற நம்பிக்கை பழையது. நம் ஊரில் இன்னும் பல இடங்களில் அதுதான் பேச்சுப் பயிற்சி என்ற பெயரில் நடக்கிறது. ஊதும்போது அண்ணம் இயங்கும் விதம் வேறு, பேசும்போது இயங்கும் விதம் வேறு. நூறு பலூன் ஊதினாலும் ப வராது. ஒன்றரை வருடத்தில் அவன் பலூன் ஊதுவதில் தேறியிருப்பான், அவ்வளவுதான். அதற்காக அந்தப் பயிற்சியாளரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அண்ணப் பிளவுப் பேச்சில் பழகிய ஒருவரிடம் மாறிக்கொள்ளுங்கள்.

சரியான பயிற்சி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே அடையாளம் காண முடியும்? பயிற்சியாளர் ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வார், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற ப. குழந்தையின் மூக்கைப் பிடித்துவிட்டு உதட்டை மூடச் சொல்வார். குரலே இல்லாமல், ரகசியம் பேசுவது போல, ப சொல்லி அதன் பின்னாலேயே ஹ என்று மூச்சு விடச் சொல்வார். ஹ வரும்போது குரல்வளை திறந்திருக்கிறது. திறந்திருக்கும் குரல்வளையால் வெட்ட முடியாது. அந்தப் பழக்கத்தை உடைக்க இது ஒரு நல்ல தந்திரம். குழந்தையின் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, காற்று வந்து மோதுவதை உணரச் செய்வார். வந்துவிட்டதென்றால் பா, பீ, பூ. பிறகு பாப்பா, அப்பா. பிறகு சிறு வாக்கியம். அதன் பிறகு மூக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சொல்லச் சொல்வார். கசிவு இருப்பதால் ஓசை பலவீனமாகத்தான் வரும். பரவாயில்லை, எழுத்து பிறக்கும் இடம் சரியாகிவிட்டதா என்பதுதான் அந்தக் கட்டத்தில் கேள்வி. வீட்டில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, பத்து நிமிடமாக நாளைக்கு மூன்று நான்கு முறை செய்வது நல்லது.

ஆபரேஷனுக்கு முன்பே இதைத் தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடைவெளியை நேரில் பார்க்க நாசோஎண்டோஸ்கோபி என்ற சோதனை செய்வோம். மூக்கு மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு, சில மில்லிமீட்டர் பருமனுள்ள வளையும் குழாயை மூக்கு வழியாக அனுப்புவோம். மயக்கம் கொடுக்க முடியாது, குழந்தை விழித்திருந்து பேச வேண்டும். உங்கள் மடியில் உட்காரலாம். கொஞ்சம் அழுவான், கண்ணில் நீர் வரும். குழாய் உள்ளே போய் நின்றதும் திரையில் தன் தொண்டையைப் பார்த்து அழுகையை மறந்துவிடும் பிள்ளைகள் நிறைய. அப்போது பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பாப்பா, தாத்தா, காக்கா, சட்டை என்று சொல்லிக்கொண்டே வருவார், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அண்ணம் எழுகிறதா, நடுவில் ஓட்டை விழுகிறதா, பக்கச் சுவர்கள் உள்ளே வருகின்றனவா என்று பார்ப்போம். இடைவெளி சிறியதாக இருந்தால் அங்கே சளி நுரைத்துக் குமிழியிடுவதைக்கூடப் பார்க்கலாம். குழந்தை எல்லா வல்லினத்தையும் தொண்டையில் வெட்டிக்கொண்டிருந்தால், அண்ணம் எழுவதற்கே முயலாது. இருப்பதைவிடப் பெரிய ஓட்டையாகத் தெரியும். அதை நம்பிப் பெரிய ஆபரேஷன் செய்துவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டு மூன்று எழுத்தாவது சரியான இடத்திலிருந்து வந்த பிறகு பார்த்தால்தான் திரையில் உண்மை தெரியும். எக்ஸ்ரே படமாகப் பக்கவாட்டில் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு, சில மையங்களில் இரண்டையும் செய்வார்கள்.

அதே சமயம் வேறு இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ரசம் மூக்கில் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். தைத்த அண்ணத்தில் எங்காவது சிறு துளை இருக்கிறதா என்று தேட வேண்டும். துளையைத் தற்காலிகமாக மெழுகு போன்ற ஒன்றால் அடைத்துவிட்டுப் பேசச் சொன்னால், கசிவில் அதன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அடுத்தது காது. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும், ஏனென்றால் காதுக்குக் காற்று போகும் குழாயைத் திறப்பதும் அண்ணத்தின் தசைதான். அரைகுறையாகக் கேட்கிற காதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் எழுத்தைத் திருத்திக்கொள்ள முடியாது. கேட்கும் திறன் சோதனை செய்யாமல் ஆபரேஷன் பேச்சுக்கே போக வேண்டாம்.

முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டதா என்று கேட்கிறீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் ஆபரேஷனின் வேலை பிளவை மூடி, தசையைச் சேர்ப்பது. நன்றாகச் செய்தும், சில அண்ணங்கள் குட்டையாக ஆறுகின்றன, சில தழும்பால் விறைக்கின்றன. உலகெங்கும் வெளியாகும் கணக்குகள் மையத்துக்கு மையம் மாறினாலும், நூற்றுக்கு 20 முதல் 30 குழந்தைகளுக்குப் பேச்சில் மூக்குக் காற்று மிஞ்சுகிறது என்பது பொதுவான அனுபவம். பிளவு பெரியதாக இருந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். பழைய டாக்டரைக் குற்றம் சாட்டி உங்களிடம் பேசுகிறவர்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு கேளுங்கள்.

இனி ஆபரேஷன். "பேச்சு ஆபரேஷன்" என்று ஒன்று கிடையாது, பல இருக்கின்றன. அவற்றில் எது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தத் திரையில் தெரிந்த இடைவெளி.

இடைவெளி சிறியது, அண்ணம் ஓரளவு அசைகிறது என்றால், பழைய தையலைத் திறந்து தசையைத் திருத்துவதுதான் என் முதல் விருப்பம். பிளவுள்ள அண்ணத்தில் தசை குறுக்கே ஓடாமல் முன்னோக்கி ஓடி எலும்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் ஆபரேஷனில் அது முழுதாக விடுபடாமல் இருந்திருக்கலாம். அதை விடுவித்து, பின்னோக்கித் திருப்பி, இரு பக்கத்தையும் குறுக்காக இணைத்தால் அண்ணத்தைத் தூக்கும் ஆற்றல் திரும்பும். லண்டனின் பிரையன் சோமர்லாட் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பை வைத்து இதைச் செய்து வளர்த்தெடுத்தார். இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் லெனார்ட் ஃபர்லோ 1986-இல் வெளியிட்ட முறையில், அண்ணத்தின் இரு பரப்புகளிலும் எதிரெதிராக இசட் வடிவில் வெட்டி மாற்றித் தைப்பார்கள். தசையும் திரும்பும், அண்ணத்தின் நீளமும் கூடும். இந்த இரண்டிலும் இருக்கும் பெரிய ஆறுதல், மூச்சுப் பாதை பெரிதாகக் குறுகுவதில்லை. குறட்டை விடும் உங்கள் மகன் போன்ற பிள்ளைக்கு அது முக்கியம். அண்ணம் மிகவும் குட்டை என்றால் கன்னத்தின் உட்புறத்திலிருந்து சவ்வும் தசையும் சேர்ந்த துண்டைத் திருப்பி நடுவில் வைத்து நீட்டலாம். இப்போது பல மையங்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

இடைவெளி பெரியது, அண்ணத்தின் அசைவு குறைவு, ஆனால் பக்கச் சுவர்கள் நன்றாக உள்ளே வருகின்றன என்றால், பின்தொண்டைச் சுவரிலிருந்து ஒரு மடிப்பை எடுத்து அண்ணத்தோடு தைப்போம். நடுவில் அந்த மடிப்பு நிரந்தரமாக நிற்கும். இரு பக்கமும் மூச்சுக்கு வழி இருக்கும், பேசும்போது பக்கச் சுவர்கள் வந்து அந்த வழிகளை மூடும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் பழைய முறை இது, இன்றும் பயன்படுகிறது. பக்கச் சுவர்கள் அசையாத பிள்ளைக்கு இதைச் செய்தால் பயன் குறைவு. அவர்களுக்குத் தொண்டையின் இரு பக்கத் தூண்களிலிருந்து தசையை எடுத்து, பின்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்துத் தைத்து வாயிலையே சுருக்கும் ஆபரேஷன் பொருந்தும்.

இந்த இரண்டிலும் மூச்சுப் பாதையில் கை வைக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. முதல் சில இரவுகள் கண்காணிப்பு வேண்டும். குறட்டை சில வாரங்கள் இருக்கும். சிலருக்கு நிலைத்து, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் உங்கள் மகனின் குறட்டையை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்கிறேன். டான்சில் பெரியதாக இருந்தால் அதை முதலில் எடுத்து, ஆறிய பிறகு பேச்சு ஆபரேஷன் செய்வது வழக்கம். அடினாய்டுதான் மூச்சை அடைக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால்கூட, அண்ணம் படியும் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுக்க வழி இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. பிறவி இதயக் குறை, அடிக்கடி தொற்று, படிப்பில் பின்தங்கல், ஒருவிதமான நீண்ட முகச் சாயல் ஆகியவற்றில் சில சேர்ந்து இருந்தால், 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்வோம். அந்தக் குழந்தைகளில் சிலருக்கு மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இடம் மாறி, நாங்கள் மடிப்பு எடுக்கும் பின்சுவருக்கு வெகு அருகில் ஓடும். தெரியாமல் கத்தி வைத்தால் விபரீதம். உங்கள் மகனைப் பற்றி அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் இதயத்தை யாராவது எப்போதாவது பரிசோதித்தார்களா என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் முழு மயக்கத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மருத்துவமனையில் சில நாட்கள். முதலில் நீராகாரம், பிறகு குழைந்த கஞ்சி, மசித்த இட்லி, தயிர் சாதம் என்று மூன்று வாரம் போல ஓட்ட வேண்டும். முறுக்கு, சிப்ஸ், வறுத்த அப்பளம் பக்கமே போகக் கூடாது. ஸ்ட்ரா, ஐஸ்கிரீம் குச்சி, பென்சில் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பாட்டிமார்கள் பாவம் பார்த்து ஒரு முறுக்கைக் கொடுத்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டை வலியோடு கழுத்தும் சில நாள் விறைப்பாக இருக்கலாம். புது ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்க மார்புக்கூடு உள்ளிழுத்தாலோ போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்பி வந்துவிட வேண்டும்.

முதல் மாதத்தில் பேச்சைக் கேட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள். வீக்கத்தால் சளி பிடித்த குரல் போலக் கேட்கும். வீக்கம் வடிந்ததும் பழையபடி ஆகிவிட்டதோ என்று தோன்றும். ஆறிய பிறகு, பொதுவாக ஒன்று ஒன்றரை மாதத்தில், பயிற்சியை மறுபடி தொடங்குவோம். உண்மையான பலனை ஆறு மாதத்துக்குப் பிறகு, சில சமயம் ஒரு வருடம் கழித்துத்தான் கணிக்க முடியும்.

மற்றப் பிள்ளைகளைப் போலப் பேசுவானா? கசிவு அடைபட்டு, பழக்கமும் மாறினால், தெரியாதவர்களுக்கும் புரியும்படி பேசும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சிலருக்குக் கொஞ்சம் மூக்கோசை மிஞ்சும். சிலருக்கு அளவு கூட்டவோ குறைக்கவோ இன்னொரு முறை கை வைக்க வேண்டியிருக்கும். நூறு சதவீதம் உத்தரவாதம் தருகிற டாக்டர் கிடைத்தால் வேறு ஒருவரைப் பாருங்கள். வயதைப் பொறுத்தவரை, நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் இதை முடிக்கப் பார்ப்போம். நீங்கள் கைவிட்டுப்போன கட்டத்தில் இல்லை, ஆனால் இன்னும் இரண்டு வருடம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இனி இடமும் இல்லை. ஈறில் எலும்பு வைக்கும் ஆபரேஷன் ஒன்று எட்டு முதல் பதினொரு வயதுக்குள் வரலாம். அதோடு சேர்த்துச் செய்துகொள்ளலாமே என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாமியாருக்கு ஒரு வரி. அண்ணத்தின் இரு பாதிகளும் கருவில் ஏறக்குறைய எட்டாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையே ஒன்றுசேர்கின்றன. அது சேராமல் போவதற்கு மரபணு, சில மருந்துகள், புகை, சத்துக் குறைவு என்று பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பெரும்பாலான குடும்பங்களில் இன்னதுதான் என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ உடையதாகப் பிறக்கிறது. கிரகண நம்பிக்கையே இல்லாத நாடுகளிலும், காய் நறுக்காத வீடுகளிலும் பிறக்கிறது. அவர் கேட்க மாட்டார் என்றால் அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் ஏற்கும் மாமியார்கள் உண்டு.

பள்ளியில் பின்வரிசையில் நிறுத்தியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆசிரியையிடம் நேரில் பேசுங்கள். அறிவில் குறை இல்லை, வாயின் அமைப்பில்தான் கோளாறு, அதற்குச் சிகிச்சை நடக்கிறது என்று சொல்லுங்கள். காது சந்தேகம் தீரும்வரை முன் பெஞ்சில் உட்கார வைக்கக் கேளுங்கள். "திரும்பச் சொல், திரும்பச் சொல்" என்று எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி. சென்னையில் பணம் இல்லை என்ற காரணத்தால் இந்தச் சிகிச்சை நின்றுபோக வேண்டியதில்லை. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி துறைகள் இருக்கின்றன. பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம். போரூர் ராமச்சந்திராவில் பிளவுக்கென்றே அறுவை நிபுணரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து பார்க்கும் குழு இருக்கிறது. ஸ்மைல் ட்ரெயின் போன்ற அமைப்புகளின் உதவியோடு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. பதிவு செய்யும்போதே இரண்டாவது ஆபரேஷனுக்கும் பயிற்சிக்கும் உதவி உண்டா என்று கேட்டுவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, இந்த ஆபரேஷன் அதில் அடங்குகிறதா என்று விசாரியுங்கள். எங்கே போனாலும் உங்கள் முதல் கேள்வி, அங்கே பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா, சோதனையின்போது அவரும் டாக்டரோடு நின்று பார்ப்பாரா என்பதாக இருக்கட்டும். இல்லை என்றால், கட்டடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

போகும்போது முதல் இரண்டு ஆபரேஷன்களின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். தொலைந்திருந்தால் பழைய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பையன் பெயர், அனுமதித்த தேதி, உள்நோயாளி எண் ஆகியவற்றைச் சொல்லி நகல் கேளுங்கள். அண்ணத்தை எந்த முறையில் மூடினார்கள், தசையைத் திருப்பினார்களா என்று அதில் ஒரு வரி இருந்தால் எங்கள் வேலை பாதி குறையும். செல்போன் பதிவையும், காது சோதனை அறிக்கை ஏற்கெனவே இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். அடினாய்டு சொன்ன டாக்டரின் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரு டாக்டர்களும் போனில் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டால் உங்களுக்கு இரண்டு மாத அலைச்சல் மிச்சம்.